நிலமும் பொழுதும் நிழற்படமும்

சென்ற ஆண்டு கார்த்திகைத் திங்களில் எம் வகுப்பு மாணவர் பன்னிருவர், ஆசிரியர் ஒருவருடன் கோடைக்கானல் மலைக்குச் சென்றிருந்தோம். இரண்டாம் நாட் காலையில் தூண் பாறைகளைக் காணப் புறப்பட்டோம். ஏறத்தாழ 400 அடி உயரம் நிமிர்ந்து நிற்கும் அம்மூன்று பாறைகளும் அன்று எமக்கு முகங்காட்ட எளிதில் இசையவில்லை. பள்ளத்தாக்கினின்றும் எழுந்த மூடுபனி எங்கும் நிறைந்து நின்றது. ஒரு மணி நேரத்துக்கு மேல் குளிரில் நடுங்கியவாறு காத்திருந்தோம். பின்னர்ப் பனித்திரை சிறிது மெலிந்தது. பாறைகள் மூன்றும் கனவிற் கண்ட உருவங்கள் போல மங்கலாய்த் தோன்றின. நாலைந்து மூச்சு விடும் நேரத்தில் மீண்டும் மறைந்தன. அவ்விடைவேளையில் எம்மில் பலர் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டனர்.

விடுதிக்குத் திரும்பிய இரவில் நண்பரொருவர் தாம் எடுத்த படத்தை எமக்குக் காட்டினார். அதனைக் கண்டு யாம் திகைத்தோம். மூடுபனி இருந்த இடம் தெரியவில்லை. பாறைகள் கூர்மையாய் நின்றன. அவற்றின்மேல் நீலவானமும், பொன்னிற முகில்களும் விளங்கின. கைப்பேசியிலுள்ள புதிய வசதி ஒன்று பனியை நீக்கி வானத்தை மாற்றித் தந்ததாக அவர் மகிழ்ச்சியுடன் கூறினார். சூழ்ந்து நின்றோர் அனைவரும் அதனைப் பாராட்டினர். "நீயும் என்னோடு நின்றாயே, படம் எப்படி?" என்று அவர் எம்மை வினவினார். அழகாயிருக்கிறது என்று சொல்ல நாவெழுந்தது. ஆயினும் ஏதோ ஒன்று தடுத்தது. அத்தடையின் காரணம் யாது என்று ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

மலையை நிழற்படத்திற் பதிக்கும் முயற்சி, நிழற்படக் கலை தோன்றிய சின்னாளிலேயே தொடங்கிவிட்டது. பிரான்சு நாட்டு டாகேர் என்பாரின் முறை உலகுக்கு வெளியிடப்பட்டது 1839-ஆம் ஆண்டில். 1851-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 'ஈரத்தகடு' முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் அதனைத் தோய்த்து, ஈரம் உலருமுன் காமிராவிலிட்டுப் படமெடுத்து, உடனே இருளில் வைத்து மருந்தினாற் கழுவித் துலக்க வேண்டும். பூச்சு முதல் கழுவுதல் வரை எல்லாவற்றையும் ஏறத்தாழப் பத்து நிமிடங்களுக்குள் முடித்தாக வேண்டும். ஆதலின், மலைமேற் படமெடுக்க விரும்புவோர் காமிராவை மட்டுமன்றி இருட்டறையாகிய கூடாரத்தையும், கண்ணாடித் தகடுகளையும், மருந்துப் புட்டிகளையும், நீரையும் உடன் சுமந்து செல்ல வேண்டியிருந்தது.

1861-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஆகுஸ்த் ரொஸாலி பிஸ்ஸோன் என்பார், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் முடியாகிய மோன் பிளாங் சிகரத்தின்மேல் ஏறிப் படமெடுத்தார். அவருடைய சாமான்களைச் சுமந்து சென்றோர் 25 பேர். ஈராண்டு கழித்து இந்தியா வந்த சாமுவேல் பூர்ன் என்னும் ஆங்கிலேயர், 1863-க்கும் 1866-க்கும் இடையில் மும்முறை இமயமலைப் பகுதிகளுக்குப் பயணஞ் செய்தார். மூன்றாம் பயணத்தில், 18,600 அடி உயரத்திலுள்ள மணிராங் கணவாயில் நின்று அவர் எடுத்த படங்கள், அக்காலத்தில் அத்துணை உயரத்தில் எடுக்கப்பட்ட படங்கள் வேறில்லை என்னும் சிறப்பைப் பெற்றன. விரல் மரத்துப் போகும் குளிரில், ஈரத்தகட்டைச் சிதையாமற் கழுவி எடுத்த அவர் பொறுமையை என்னென்பது! ஒரு படம் பழுதாயின் ஒரு நாள் உழைப்பே பழுதாகும் காலம் அது.

பின்னர்ச் செலட்டின் பூசிய உலர்தகடுகள் வந்தன. முன்னதாகவே பூசி வைத்துக்கொண்டு, வீடு திரும்பியபின் ஆற அமரக் கழுவலாம் என்னும் நிலை ஏற்பட்டது. இவ்வசதியை மிக உயர்ந்த பயனுக்கு ஆளாக்கியவர் இத்தாலிய நாட்டு விட்டோரியோ செல்லா (1859 - 1943). அவர் தொடக்கத்திற் கையாண்ட தகடு ஒவ்வொன்றும் 30 செ.மீ. அகலமும் 40 செ.மீ. நீளமும் உடையது. 1899-இல் கஞ்சன்ஜங்கா மலையைச் சுற்றிவந்த பயணத்திலும், 1909-இல் கே-2 சிகரத்தை நோக்கிச் சென்ற பயணத்திலும் அவர் பங்குகொண்டார். பனிப்பிளவுகளும், பாறை முகடுகளும், பனியாறுகளின் மடிப்புகளும் எண்ணத்தக்க தெளிவுடன் அவர் படங்களில் விளங்குகின்றன. பிற்காலத்தில் அம்மலைகளில் ஏறக் கருதியோர் அப்படங்களை வழிகாட்டிகளாகக் கொண்டனர். அழகுக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் ஒருங்கே பயன்பட்ட படங்கள் அவை என்பதை ஈண்டு நினைவில் வைத்தல் வேண்டும்.

இனி, மலைப்படம் என்றவுடன் பலர் நினைவுக்கும் வரும் அமெரிக்கராகிய ஆன்ஸெல் அடம்ஸ் (1902 - 1984) என்பாரைப் பற்றிச் சிறிது கூறுவோம். அவர் 1916-ஆம் ஆண்டில், தம் பதினான்காம் வயதில், கலிபோர்னியா மாகாணத்து யோசெமிட்டி பள்ளத்தாக்குக்கு முதன்முறை சென்றார். பெற்றோர் அளித்த எளிய பெட்டிக் காமிரா ஒன்றே அப்போது அவர் கையிலிருந்தது. பதினோராண்டு கழித்து, 1927-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், அவர் நண்பர்களுடன் பனி படர்ந்த சரிவில் ஏறி, 'அரைக்குவடு' என்று பொருள்படும் 'ஹாப் டோம்' என்னும் பெரும்பாறையின் எதிரே நின்றார். பள்ளத்தாக்கின் தரையினின்றும் ஏறத்தாழ 4,800 அடி உயர்ந்து நிற்பது அப்பாறை. அவர் கொண்டுசென்ற கண்ணாடித் தகடுகள் 12. வழியில் எடுத்தனவும் பழுதானவும் போக, அவ்விடத்தில் எஞ்சியவை இரண்டே.

முதல் தகட்டில் மஞ்சள் நிற வடிகண்ணாடியை லென்சின்முன் வைத்துப் படமெடுத்தார். எடுத்து முடித்ததும், தம் உள்ளத்தில் அப்பாறை எழுப்பிய வியப்பும் அச்சமும் அப்படத்திற் பதியமாட்டா என்று அவருக்குத் தோன்றிற்று. வானம் வெளிறித் தோன்றும்; பாறையின் பெருமிதம் குன்றும் என்று உணர்ந்தார். ஆதலின், எஞ்சிய ஒரே தகட்டை ஆழ்ந்த சிவப்பு வடிகண்ணாடியுடன் எடுத்தார். அப்படத்தில் வானம் ஏறத்தாழக் கருமையாகவும், பாறையின் முகம் அதனினின்றும் பிதுங்கி எழுவது போலவும் அமைந்தது. எடுக்குமுன்னரே முடிந்த படத்தை மனக்கண்ணாற் காணும் பயிற்சியை அன்றே கற்றதாக அவர் பிற்காலத்திற் கூறியுள்ளார்.

சிவப்புக் கண்ணாடி செய்த மாயம் யாது? வானத்தினின்றும் வரும் ஒளியில் நீலக்கூறு மிகுதி. காற்றிலுள்ள நுண்ணிய அணுத்திரள்கள் நீல ஒளியையே பெரிதும் சிதறச் செய்வதால் அங்ஙனம் ஆகிறது. தொலைவிலுள்ள மலைகள் நீலநிற ஆவி போர்த்தனபோல் தோன்றுவதற்கும் இதுவே ஏது. சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுத்துச் சிவப்பொளியை மட்டும் உள்ளே விடுகிறது. எனவே வானம் கருக்கிறது; கதிரொளி பட்ட பாறை மங்காது நிற்கிறது. அங்கு இல்லாத ஒன்றையும் அக்கண்ணாடி சேர்க்கவில்லை. அங்கிருந்த ஒளியுள் இன்னதைக் கொள்க, இன்னதை விடுக என்று தெரிந்தெடுத்தது. இவ்வேறுபாடு நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

அடம்ஸ் இத்தோடு அமையவில்லை. 1939, 1940-ஆம் ஆண்டுகளையொட்டி, பிரெட் ஆர்ச்சர் என்னும் ஆசிரியருடன் சேர்ந்து 'மண்டல முறை' என்பதொன்றை வகுத்தார். முழுக் கருமை முதல் முழு வெண்மை வரை ஒளிநிலையைப் பதினொரு படிகளாகப் பிரித்து, காட்சியின் எப்பகுதி எப்படியில் நிற்றல் வேண்டும் என்று எடுப்போன் முன்னரே முடிவு செய்வதே அம்முறை. இதன் தேவையைப் பனிமலையில் நின்று பார்ப்போர் உடனே உணர்வர். ஒளிமானி எதனைப் பார்த்தாலும் அதனை நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கொண்டு கணக்கிடும் இயல்புடையது. வெண்பனியைக் காட்டினால் அதனையும் சாம்பலாக்கிவிடும். ஆகவே, அது காட்டும் அளவினும் ஒருமடங்கு அல்லது இருமடங்கு ஒளியைக் கூட்டிவிட்டாலன்றிப் பனி வெண்மையாய்ப் பதியாது. பொறி அளக்கும், அளந்ததன் பொருளை அறிவது மனிதன் கடன்.

இனி நம் காலத்துப் புதுமைகளுக்கு வருவோம். ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சி.சி.டி. என்னும் பொறி 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திற் கருக்கொண்டது. அதனைக் கண்ட பாயில், ஸ்மித் ஆகிய இருவருக்கும் 2009-இல் நோபெல் பரிசு கிடைத்தது. 1975-இல் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் ஸாஸன், பிலிம் இன்றிப் படமெடுக்கும் டிஜிட்டல் காமிராவை ஆக்கினார். அது ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடையுடையது. ஒரு படத்தை நாடாவிற் பதிக்க 23 வினாடி கொண்டது. அப்படமும் 10,000 புள்ளிகளால் மட்டும் ஆயது. இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி கோடிக்கணக்கான புள்ளிகளால் ஆன படத்தை இமைப்பொழுதில் எடுத்துவிடுகிறது.

இதனால் மலைப்படம் எடுப்போர் பெற்ற நன்மைகள் பல. எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே காணலாம். பிழையை உடனே திருத்தலாம். மங்கிய ஒளியிலும் படம் பதிகிறது. கை நடுக்கத்தைக் காமிராவே ஓரளவு ஈடுசெய்கிறது. பனிமுகட்டின் பேரொளியும் பள்ளத்தின் ஆழ்நிழலும் ஒரு படத்தில் அடங்காத போது, ஒளியளவை மாற்றி எடுத்த பல படங்களை ஒன்றாய் இணைக்கலாம். காலடியிலுள்ள பூவையும் தொலைவிலுள்ள சிகரத்தையும் தனித்தனியே கூர்மைப்படுத்தி எடுத்துச் சேர்க்கவும் இயலும். இவற்றை இகழ்ந்து, 'பழமையே மேன்மை' என்று பேசுவோருடன் யாம் உடன்படோம். அடம்ஸ் தாமே 1981-இல் வெளிவந்த தம் நூலில், அடுத்த பெரிய முன்னேற்றம் மின்முறைப் படமாகவே இருக்கும் என்று ஆவலுடன் எழுதினார். பூர்ன் பெற்றிருந்தால் அவரும் இவ்வசதிகளை இரு கையேந்தி வாங்கியிருப்பார்.

ஆயினும் ஒன்று கேட்போம். சுமையாளர் இருபத்தைவர் சுமந்ததைச் சட்டைப்பையில் அடக்கிய இவ்வளர்ச்சி, மலைப்படத்துக்கு வேண்டிய யாவற்றையும் தந்துவிட்டதா?

இவ்விடத்தில் எம் பாடநூலாகிய தொல்காப்பியம் எமக்குத் துணை செய்கிறது. அகத்திணை கூறும் ஆசிரியர், முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் ஆகிய இரண்டன் இயல்பு என்று வரையறுத்தார். மலையும் மலைசார்ந்த இடமும் மட்டும் குறிஞ்சியை நிரப்பமாட்டா. கூதிரும் முன்பனியும் ஆகிய பெரும்பொழுதும், யாமம் என்னும் சிறுபொழுதும் கூடியே குறிஞ்சி ஆகிறது. நிலம் ஓரிடத்தே நிற்பது. பொழுது ஓடிக்கொண்டே இருப்பது. இரண்டும் சந்திக்கும் கணத்திலேயே காட்சி பிறக்கிறது. மலைப்படம் எடுப்போர்க்கு இதனினும் சிறந்த இலக்கணம் பிறிதொன்று உண்டோ என யாம் ஐயுறுகிறோம்.

நண்பகலில் கதிர் தலைக்குமேல் நிற்கும்போது மலையின் மடிப்புகள் நிழலிழந்து தட்டையாகின்றன. காலையிலும் மாலையிலும் ஒளி பக்கவாட்டில் விழ, ஒவ்வொரு வரையும் ஒவ்வொரு பிளவும் நிழலால் எடுத்துக்காட்டப் பெறுகின்றன. அவ்வேளைகளில் ஒளி காற்றினூடே நெடுந்தொலைவு கடந்து வருவதால் நீலக்கூறு சிதறிப்போக, எஞ்சிய செவ்வொளி சிகரங்களிற் படிகிறது. மழை பெய்து ஓய்ந்தபின் தூசி அடங்கித் தொலைமலை அண்மையில் வந்தது போல் தெளிகிறது. இவையெல்லாம் காத்திருப்போர்க்கே கிட்டுவன. புதிய காமிரா சுமக்கும் உழைப்பைக் குறைத்தது. காத்திருக்கும் உழைப்பை அது குறைக்கவில்லை. குறைத்துவிட்டதாகக் காட்டும்போதே ஏமாற்றம் தொடங்குகிறது.

எம் நண்பரது படத்திற்கு மீள்வோம். அதில் நிலம் மெய், பொழுது பொய். கார்த்திகை மாதத்துக் கூதிர்க் காலையை நீக்கி, என்றோ எங்கோ இருந்த ஒரு வானத்தை அக்கருவி ஒட்டிவைத்தது. அன்று பாறைகளின்மேல் அவ்வொளி படவில்லை.

இங்கே அறிவுடையோர் ஒரு தடை கூறலாம். 'அடம்ஸ் வானத்தைக் கருக்கவில்லையா? 1941-இல் எர்னாண்டஸ் என்னும் சிற்றூரில் நிலவெழுச்சியை எடுத்த படத்தை, ஆண்டுதோறும் அச்சிடுகையில் வானத்தை மேலும் மேலும் கருமையாக்கவில்லையா? அது கலையாயின் இதுவும் கலையே' என்பர். தடை வலிமையுடையதே. விடை வருமாறு. அடம்ஸ் இளமையிற் பியானோ பயின்றவர். மூலத்தகட்டை இசைக்குறிப்புக்கும், அச்சிட்ட படத்தை அதனை இசைத்தலுக்கும் அவர் ஒப்பிட்டார். பாடகர் ஒரு கீர்த்தனத்தைத் தம் மனோதர்மத்துக்கு ஏற்ப விரித்தும் சுருக்கியும் பாடலாம். வேறொரு கீர்த்தனத்தின் சரணத்தை இடையிற் புகுத்திவிட்டு, இதுவே மூலம் என்று சொல்லுதல் ஆகாது. இருந்த ஒளியை மிகுத்தும் குறைத்தும் காட்டுதல் விளக்கவுரை. இல்லாத ஒளியை வைத்தல் இடைச்செருகல். ஏட்டுச்சுவடிகளை ஆராய்ந்து பதிப்பித்த நம் முன்னோர், இடைச்செருகலைக் கண்டறிய எத்துணைப் பாடுபட்டனர் என்பதை அறிந்த தமிழ் மாணவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

கற்பனைப் படம் ஆக்குதலே தவறு என்று யாம் சொல்லவில்லை. ஓவியன் தான் விரும்பிய வானத்தைத் தீட்டுகிறான். அஃது ஓவியம் என்று யாவரும் அறிவர். 2023-இல் ஜெர்மானியரான போரிஸ் எல்டாக்ஸன், செயற்கை அறிவுப் பொறியால் ஆக்கிய படமொன்றை உலக நிழற்படப் போட்டிக்கு அனுப்பினார்; அது தம் பிரிவிற் பரிசுக்குரியதாகத் தெரிவு செய்யப்பட்டதும், அது நிழற்படமன்று எனக் கூறிப் பரிசை ஏற்க மறுத்தார். நடுவர் கண்ணுக்கும் வேற்றுமை எளிதிற் புலப்படாத காலம் வந்துவிட்டது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று. அதே ஆண்டில் வெளிவந்த லைக்கா நிறுவனத்து எம்-11-பி என்னும் காமிரா, படம் எடுக்கும் கணத்திலேயே அதன் பிறப்புச் செய்தியை மறைகுறியால் முத்திரையிட்டு வைக்கும் ஏற்பாட்டுடன் வந்தது. நோய்க்கு மருந்தும் தேடப்படுகிறது என்று மகிழலாம்.

'படத்தில் வானம் மாறினால் யாருக்கு என்ன நட்டம்?' என்று கேட்போரும் உளர். அவர்க்கு ஒரு செய்தி கூறுவோம். 1921-ஆம் ஆண்டில் எவரெஸ்ட் மலையின் வடபுறத்தை ஆராயச் சென்ற குழுவில் இருந்த ஜார்ஜ் மாலரி, ராங்பக் என்னும் பனியாற்றை ஓரிடத்திலிருந்து படமெடுத்தார். வளைந்து வளைந்து இறங்கும் வெண்பனிக் கோபுரங்கள் அப்படத்தை நிறைத்து நிற்கின்றன. மாலரி மூன்றாண்டு கழித்து அம்மலையிலேயே உயிர் நீத்தார். 2007-ஆம் ஆண்டில் டேவிட் பிரீஷியர்ஸ் என்னும் அமெரிக்க மலையேறி, அவ்விடத்தையே தேடிச் சென்று மீண்டும் படமெடுத்தார். இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, பனியாற்றின் மேற்பரப்பு 300 அடிக்கு மேல் தாழ்ந்துபோயிருந்தமை புலனாயிற்று. உலகம் வெப்பமடைந்து வருவதைச் சொல்லும் சான்றுகளுள் இவ்விணைப்படமும் ஒன்றாய் நிற்கிறது.

மாலரியின் காமிரா, பனி குறைந்த இடத்திற் பனியைக் கூட்டி அழகு செய்திருப்பின் என்னாகும்? அச்சான்று நீர்மேல் எழுத்தாகியிருக்கும். மாலரி அதனைச் சான்றாகக் கருதி எடுத்தாரல்லர்; ஏறுதற்கு வழி தேடியே எடுத்தார். எந்தப் படம் என்று எதற்குச் சான்றாகும் என்பதை எடுப்போர் அறியார். எம் நண்பரது படமும் அத்தன்மையதே. ஐம்பதாண்டு கழித்துக் கோடைமலையில் கார்த்திகைப் பனி இருந்ததா என்று ஒருவர் ஆராயப் புகின், அந்நீலவானம் அவரை வழிதவறச் செய்யுமன்றோ?

ஆதலின், கைப்பேசி ஏந்தி மலைகாணச் செல்லும் மாணவ நண்பர்க்கு யாம் கற்ற சிலவற்றைக் கூறி முடிப்போம். வைகறையில் எழுக, சென்று சேர்ந்தவுடன் எடுக்காது, ஒளி எங்கிருந்து வருகிறது என்று முதலிற் காண்க. முக்காலி இருப்பின் அதன்மேல் வைக்க. இன்றேல் கல்லொன்றன்மீது சாய்த்து எடுக்க. பனியோ மூடுபனியோ காட்சியை நிறைத்திருந்தால், பொறி காட்டும் அளவினும் சிறிது ஒளியைக் கூட்டுக. குளிரில் மின்கலம் விரைவில் தளருமாதலின் அதனை உடலோடு அணைத்து வெப்பமாய் வைக்க. திருத்துவதாயின் திருத்துக, மூலப்படத்தை மட்டும் அழியாது போற்றுக. படத்தின்கீழ் இடத்தையும் நாளையும் வேளையையும் குறித்து வைக்க. மாற்றியது உண்டாயின் மாற்றியதென்று ஒரு சொல் எழுதுக. அவ்வொரு சொல்லால் அழகு சிறிதும் குறையாது.

இவற்றையெல்லாம் நண்பரிடம் ஒருநாள் மாலை விரிவாய்ச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர்த் தம் கைப்பேசியைத் துழாவி, மாற்றப்படாத முதற்படம் இன்னும் அதில் இருப்பதைக் கண்டெடுத்தார். சாம்பல் நிறப் பனியினூடே மூன்று நிழல்கள். இடப்புற ஓரத்தில், குளிருக்குத் துண்டைத் தலையிற் சுற்றிய எம் தோள் ஒன்று. அதனை அச்சிட்டு, கீழே 'தூண் பாறை, கார்த்திகை, காலை, மூடுபனி' என்று அவர் கையாலேயே எழுதி விடுதி அறைச் சுவரில் ஒட்டினார். வருவோர் பலர், "பாறை எங்கே?" என்று கேட்கின்றனர். கேட்டவர்க்கெல்லாம், ஒரு மணி நேரம் காத்திருந்து நாலைந்து மூச்சளவு கண்ட அக்காலைப்பொழுதின் கதையை அவரே சொல்லுகிறார். நீலவானப் படத்தைப் பற்றிக் கேட்பாரும் இல்லை. சொல்லுதற்கு அவரிடம் கதையும் இல்லை.